மாண்ட்ரியல் மாமியின் ஓட்டு

பிறர் வீட்டு விஷயம் நமக்கெதற்கு என்று இருக்கிறவள்தான் நான். ஆனால் இர்விங்கில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மெண்டின் சுவர்கள் அப்படி இல்லை. மேல்வீட்டில் யாராவது தும்மினால் கீழ்வீட்டிலிருந்து நான் ‘நூறு’ சொல்லலாம். அத்தனை மெல்லிசு. ஆகவே இதில் பாதி கண்ணால் கண்டது, மீதி தானாகக் காதில் வந்து விழுந்தது. நானாகப் போய்க் கேட்டது கொஞ்சம்தான்.

தொண்ணூற்று நான்கு கோடையில் அந்த மேல்வீட்டுக்கு ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. பத்மநாபன், அவர் மனைவி அபயாம்பாள், ஏழாம் வகுப்புக்குப் போகிற மகள் மாளவிகா. வாடகை லாரியிலிருந்து சாமான் இறங்கி முடிவதற்குள் நான் ரசமும் சாதமும் எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டேன். நம் வழக்கம்தானே. ஒரு கையில் சோறு, ஒரு கையில் கேள்வி.

“எந்த ஊருங்க நீங்க?”

“மாண்ட்ரியல்” என்றாள் அந்த அம்மாள்.

இப்படி ஒரு பதிலை நான் கேட்டதே இல்லை. டல்லாஸ் வட்டாரத்தில் காலங்காலமாக இருக்கிறவர்களைக் கேட்டாலும் கரூர் என்பார்கள், சாத்தூர் என்பார்கள். கடைசியாக விமானம் ஏறின ஊரை எந்தத் தமிழரும் சொந்த ஊராகச் சொல்வதில்லை.

“அது சரிங்க. இந்தியாவுல எந்த ஊரு?”

“அதுவா, மாயவரம்” என்றாள், எப்போதோ காலி செய்த வீட்டின் விலாசத்தைச் சொல்வதுபோல. பிறகு திரும்பி மகளிடம் ஏதோ சொன்னாள். தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. மகள் அதைப் புரிந்துகொண்டு ஒரு பெட்டியை உள்ளே தூக்கிப் போனாள்.

நான் கீழே வந்து என் வீட்டுக்காரர் சேனாபதியிடம் சொன்னேன். அவர் சோபாவைவிட்டு எழுந்திருக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“பிரெஞ்சு பேசுதா? அப்ப பாண்டிச்சேரியா இருக்கும்.”

“மாயவரம்னு சொன்னாங்களே.”

“மாயவரத்துக்குப் பக்கந்தான காரைக்கால்? எல்லாம் ஒரே ஏரியாதான். தாத்தா பிரெஞ்சு பட்டாளத்துல இருந்திருப்பாரு, பென்ஷன் வருமா இருக்கும், வெளிய சொல்ல மாட்டாங்க.”

அந்த வார இறுதிக்குள் இர்விங்கிலும் பிளேனோவிலும் இருந்த தமிழ் வீடுகளுக்கெல்லாம் அவள் ‘பாண்டிச்சேரி மாமி’ ஆகிவிட்டாள். பென்ஷன் மாதம் எவ்வளவு வருகிறது என்றுகூடப் பேச்சு வந்தது. யார் பரப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் இரண்டு பேரிடம்தான் சொன்னேன்.

உண்மை அதைவிட வேடிக்கையாக இருந்தது. மாமி மாயவரத்தில் தமிழ் மீடியத்தில் பள்ளி இறுதி வரை படித்தவள். கல்யாணமாகி நேரே மாண்ட்ரியல் போய் இறங்கியபோது இங்கிலீஷ் தெரியாது. கனடாவில் பிரெஞ்சு பேசுகிற பக்கம் அது; அந்த ஊர் அரசாங்கம் புதிதாக வருகிறவர்களுக்கு இலவசமாகப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தது. வீட்டில் சும்மா இருப்பானேன் என்று போனவள், அப்படியே பிரெஞ்சில் பேசி, பிரெஞ்சில் பேரம் பண்ணி, ஒரு டேகேரில் வேலைக்கும் சேர்ந்து பத்து வருஷம் பிள்ளைகளை மேய்த்திருக்கிறாள். பத்மநாபன் சாருடைய ஆபீஸ் இங்கிலீஷ் ஆபீஸ். அவர் அத்தனை வருஷம் இருந்தும் பிரெஞ்சில் ‘நன்றி’யைத் தாண்டவில்லை. கற்றுக்கொள்வது மானக்கேடு என்று நினைத்தார். ஓட்டலில் மாமிதான் ஆர்டர் பண்ணுவாள். பிளம்பர் வந்தால் மாமிதான் பேசுவாள். அங்கே அவள் முன்னால் நடக்க, இவர் பின்னால் நடந்திருக்கிறார்.

இர்விங் வந்ததும் அது தலைகீழாகிவிட்டது. மளிகைக் கடையில் பில் போடும் பெண் “ஹௌ ஆர் யூ டுடே” என்றால் மாமி கொத்தமல்லிக் கட்டைப் பார்ப்பாள். நான்தான் அவளை ஒரு டேகேர் இண்டர்வியூவுக்கு டிரைவ் பண்ணிக் கூட்டிப் போனேன். உள்ளே போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

“என்ன மாமி, என்ன கேட்டாங்க?”

“கொழந்தை அழுதா என்ன பண்ணுவேன்னு கேட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நேக்குத் தெரிஞ்சதெல்லாம் பிரெஞ்சுல தொண்டை வரைக்கும் வந்தது, வசந்தா. அதுக்கு மேல வரலை.”

வீட்டில் பிரெஞ்சு பேச ஒரே துணை மாளவிகா. மாண்ட்ரியலில் அவள் படித்ததும் பிரெஞ்சுப் பள்ளியில்தான். அப்பாவுக்குத் தெரியாமல் அம்மாவும் பெண்ணும் சண்டை போட்டுக்கொள்வதே அதில்தானாம். ஆனால் ஒரே பள்ளி வருஷத்தில் அந்தப் பெண் முழு டெக்ஸஸ்காரி ஆகிவிட்டாள். அம்மா பிரெஞ்சில் கேட்பாள், பெண் இங்கிலீஷில் பதில் சொல்லும். எங்கள் கூரை வழியாக நான் தினமும் கேட்ட கச்சேரி இது. போகப் போக அம்மாவின் பக்கம் குரல் குறைந்துகொண்டே வந்தது. மாமி கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: திரும்பிப் போகலாம். பத்மநாபன் சார் அதற்குப் பதிலாக கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணினார்.

அடுத்த வருஷம் அந்த ஊரில் ஓட்டெடுப்பு வந்தது. மாண்ட்ரியல் இருக்கிற கியூபெக் மாகாணம் கனடாவிலிருந்து பிரிந்து தனி நாடாகலாமா, வேண்டாமா என்று. பிரெஞ்சுக்காரர்களில் பெரும்பாலோர் எஸ், இங்கிலீஷ்காரர்கள் எல்லோரும் நோ. வெளியூர் போய் இரண்டு வருஷம் ஆகாதவர்கள், ‘திரும்பி வரப் போகிறோம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் தபாலில் ஓட்டுப் போடலாமாம்.

பத்மநாபன் சார் அதில் மளமளவென்று கையெழுத்துப் போட்டார். இங்கேயே தங்கிவிடுகிறேன் என்று கிரீன் கார்டுக்கு ஒரு கையெழுத்து, திரும்பி வருகிறேன் என்று இதற்கு ஒரு கையெழுத்து. ஒரே பேனாவாகத்தான் இருக்கும். மாமியும் கையெழுத்துப் போட்டாள். அவள் போட்டது நிஜம்.

ஓட்டுச் சீட்டுகள் வந்தன. மாமியின் உறையைத் தபால் ஆபீஸில் போட நான்தான் கூட்டிப் போனேன். காரில் ஏறியதிலிருந்து எனக்கு நாக்கு நமைச்சல்.

“மாமி, எதுக்குங்க போட்டீங்க?”

“அதெல்லாம் கேக்கப்படாது, வசந்தா. ரகசிய ஓட்டு.”

“நான் என்ன கனடாக்காரியா? என்கிட்டச் சொன்னா என்ன?”

மாமி உறையைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு, அது கீழே விழுந்த சத்தம் கேட்கும்வரை நின்றுவிட்டு வந்தாள். வழியெல்லாம் டேகேர்த் தோழி ஜினெத்தைப் பற்றியே பேசினாள். பிரெஞ்சில் முதல் வாக்கியத்தைத் தப்பாகச் சொன்னபோது சிரிக்காமல் திருத்தியது அந்த ஜினெத்தானாம். எஸ் கட்சிக்காக அவள் வீடு வீடாகப் போகிறாளாம். எனக்குப் பாதி விளங்கியது. மீதிப் பாதிக்கு எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து அபார்ட்மெண்ட் கிளப் ஹவுஸில் தீபாவளி பாட்லக். நான் அரிசிம்பருப்புச் சாதம் செய்துகொண்டு போனேன், மாமி புளியோதரை. ஆண்கள் தட்டோடு வட்டமாக உட்கார்ந்து அடுத்த திங்கட்கிழமை ஓட்டெடுப்பை அலச ஆரம்பித்தார்கள். அதில் மாண்ட்ரியலைப் பார்த்தவர் பத்மநாபன் சார் ஒருவர்தான். அது யாருக்கும் தடையாக இல்லை.

“கடை போர்டுல பிரெஞ்சு பெருசா இருக்கணும், இங்கிலீஷ் சின்னதா இருக்கணும்னு சட்டம் சார் அங்க! டேப் வெச்சு அளந்துட்டுப் போறான்!” என்றார் பத்மநாபன் சார்.

“அதுல என்னங்க தப்பு?” என்றார் என் வீட்டுக்காரர். “அவன் ஊர்ல அவன் பாஷை பெருசா இருக்கட்டுமே. அறுபத்தஞ்சுல ஈரோடு ஸ்டேஷன் போர்டுல ஹிந்தி மேல தார் பூசிட்டு உள்ள போனவரு எங்கப்பா.”

“அப்போ தனி நாடு கேக்கறதும் சரிங்கறேளா?”

“சேச்சே! நாடு ஒண்ணாத்தான் இருக்கோணும்.”

“போர்டு மட்டும் தனியா இருக்கணுமாக்கும்?”

சேனாபதி வாயில் இருந்த அப்பளத்தை வேண்டிய அளவுக்கு மேல் மென்றார். எங்கள் மாமனார் பூசின தார் இவர் தலையில் வந்து ஒட்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அப்போது கருப்பசாமி என்று ஒரு பையன், ஊரிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கன்சல்டிங் கம்பெனிக்காரன், “அப்ப சிலோன்ல நம்மாளுங்க கேக்குறது என்ன கணக்கு சார்?” என்று கேட்டுவிட்டான்.

கிளப் ஹவுஸில் கரண்டி சத்தம்கூட நின்றுவிட்டது. எல்லோரும் அவரவர் தட்டில் ஏதோ எழுதியிருப்பதுபோலக் குனிந்து படித்தார்கள். “தயிர்சாதம் தீர்ந்துரப் போகுது, போய் வாங்கிக்கப்பா” என்று யாரோ அவனை அனுப்பிவைத்தார்கள்.

அந்த மௌனத்தில்தான் மாமி வாயைத் திறந்தாள். ஆண்கள் வட்டத்துக்கு வெளியே, புளியோதரைப் பாத்திரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு.

“போர்டு பெருசா இருந்தா என்ன? என்னால படிக்க முடிஞ்சுது.”

பத்மநாபன் சார் திரும்பினார். “ஆரம்பிச்சாச்சா?”

“எப்போ திரும்பிப் போறோம்னுதான் கேக்கறேன். ஒரு வருஷமா கேக்கறேன்.”

நாலு பேர் நடுவில் மனைவி கேட்ட கேள்வி. சும்மா விட முடியுமா? அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, சபைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: “சரி. திங்கக்கிழமை நோ ஜெயிக்கட்டும். அடுத்த கோடைக்கு மூட்டை கட்டிண்டு கிளம்பிடலாம். போறுமா? எஸ் ஜெயிச்சா அந்த ஊர்ப் பேரையே எடுக்கப்படாது. எல்லாரும் சாட்சி.”

எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் கூட்டம் எதற்கும் கைதட்டும். நான் மட்டும் மாமியைப் பார்த்தேன். கேட்டது கிடைத்தவள் முகமா அது? ரயில் கிளம்பின பிறகு பெட்டியைப் பிளாட்பாரத்தில் விட்டுவிட்டதைக் கண்டவள் முகம்.

பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

“நல்லதாப் போச்சு மாமி. நோ ஜெயிச்சா ஊருக்குப் போயிரலாம்.”

“ஆமாம்.”

“உங்க ஓட்டும் அதுல ஒண்ணு, இல்லீங்களா?”

மாமி குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள். போதும், எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு பேரிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? திரும்பிப் போகத் துடிக்கிறவள், போகிற வழியை அடைத்து ஓட்டுப் போட்டிருக்கிறாள் என்றா? எனக்கே அது ஒழுங்காகப் புரிந்தபாடில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் நாங்கள் இருவரும் மிக்சர் டப்பாவோடு மேல்வீட்டுக்குப் போய்விட்டோம். அழைத்தார்களா என்று கேட்காதீர்கள். டி.வி.யில் கனடா நிலவரத்தை நேரடியாகக் காட்டினார்கள். முதலில் எஸ் முன்னால் ஓடியது. பத்மநாபன் சார் தொடையில் அடித்துக்கொண்டார். மாமியின் உதடு லேசாக மலர்ந்தது. உடனே எதையோ நினைத்துக்கொண்டு கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். பிறகு நோ கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கியது. மாமியின் முகம் தெளிந்தது, தெளிந்த கையோடு கண் கலங்கியது. அவள் வேண்டிக்கொண்டிருந்தால், எந்தப் பக்கத்துக்கு என்று பிள்ளையாரே குழம்பியிருப்பார்.

கடைசியில் நோ ஜெயித்தது, ஒரு மயிரிழையில். நூற்றுக்கு ஒன்று, அவ்வளவுதான் வித்தியாசம். பத்மநாபன் சார் எழுந்து குதித்ததில் எங்கள் வீட்டு விளக்கு ஆடியிருக்கும். அப்போது எஸ் பக்கத்துத் தலைவர் மேடைக்கு வந்து பிரெஞ்சில் பேச ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து மொழிபெயர்த்துச் சொல்லும் குரலைக் காணோம். மாளவிகா தன் அறையில் காதில் ஹெட்போனோடு இருந்தாள். கூடத்தில் இருந்தவர்களில் அந்த மனிதர் சொல்வது புரிந்தவள் மாமி ஒருத்திதான்.

“என்ன சொல்றாருங்க மாமி?” என்றேன்.

“தோத்துட்டோம்கறார்.”

“அதான் தெரியுதே. அப்புறம்?”

மாமி டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஏதோ அணைந்ததை நான் பார்த்தேன். “எதனால தோத்தோம்னு சொல்றார்.”

“எதனாலயாம்?”

“பணத்தால. அப்புறம்...” அடுத்த சொல்லுக்குத் தமிழ் தேடினாள், கிடைக்கவில்லை. “எத்னிக் ஓட்டால.”

“எத்னிக்னா யாரு?” என்றார் சேனாபதி.

“நாமதான்” என்றாள் மாமி.

பத்மநாபன் சாருக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தேளா! கேட்டேளா! அவன் வாயாலயே சொல்லிட்டான்! நாமதான் தோக்கடிச்சோம்! சேனா சார், அந்த வித்தியாசத்துல நம்மாத்து ஓட்டு ரெண்டு!”

“ரெண்டு இல்லே. ஒண்ணு” என்றாள் மாமி.

சேனாபதி மிக்சரை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினார். எனக்கு முன்பே தெரியும் என்றாலும், இந்தச் சமயத்தில் தெரியாதது மாதிரி இருப்பதுதான் மரியாதை என்று நானும் வாயைப் பிளந்தேன்.

“நீ...?”

“எஸ்தான் போட்டேன்.”

“பைத்தியமா நீ? திரும்பிப் போகணும் திரும்பிப் போகணும்னு உசிரை வாங்கினது நீதானே? எஸ் ஜெயிச்சிருந்தா எப்படிடீ போறது?”

“நான் போட்டப்போ நீங்க அப்படிச் சொல்லலையே. அதுவும் என் ஊருதான்னு நெனைச்சுண்டு போட்டேன். ஊர்க்காரா எல்லாரும் எதுக்குப் போட்டாளோ அதுக்கு நானும் போட்டேன்.”

“ஊர்க்காராளாம்! இப்போ பாத்தியோ, உன்னை என்னன்னு சொல்றான்னு?”

 டி.வி.யில் யாரோ அழுதார்கள், யாரோ கொடியைக் காலில் போட்டு மிதித்தார்கள். மாமி வேறு எதுவுமே நடக்காததுபோல் கேட்டாள்.

“நோ ஜெயிச்சாச்சு. கோடைக்கு எப்போ கிளம்பறோம்?”

“அங்கயா? இத்தனை பேச்சுக் கேட்டப்புறமா? சூடு சொரணை இருக்கா நமக்கு?”

“நீங்க எதுக்குக் கோச்சுக்கறேள்? உங்களைச் சொன்னது சரிதானே. நீங்க அவாளுக்கு எதிராத்தான் போட்டேள். என்னைச் சொன்னதுதான் தப்பு. கோபம் வரணும்னா நேக்குத்தான் வரணும்.”

பத்மநாபன் சார் எங்கள் இருவரையும் பார்த்தார், நியாயம் கேட்பதுபோல. பாட்லக்கில் சாட்சி சொல்லக் கைதட்டியவர் சேனாபதி. அவர் இப்போது மிக்சரில் கடலையைத் தேடிக்கொண்டிருந்தார்.

“வரலையா கோபம்?” என்று நான்தான் கேட்டேன். யாராவது கேட்க வேண்டாமா?

“வர்றது வசந்தா. நன்னாவே வர்றது. ஆனா அதை அங்க போய்னா காட்டணும்? இங்க யார்கிட்டப் போய்ச் சண்டை போடறது? எந்த பாஷைல போடறது?”

அன்று அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. உட்காரத்தான் பார்த்தேன், சேனாபதி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். பிறகு கூரையில் காது வைத்ததில் தெரிந்தது இது: சார் கத்தினார், அலமாரிக் கதவு திறந்து மூடியது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மாமி மாளவிகாவைக் கூட்டிக்கொண்டு மாண்ட்ரியல் போனாள். கோடைவரை காத்திருக்கவில்லை. “போய்ட்டு வரட்டும், கோபம் ஆறிடும்” என்று பத்மநாபன் சார் எல்லோரிடமும் சொன்னார். யாரும் கேட்காமலே சொன்னார். பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் மாளவிகா திரும்பினாள். மாமி திரும்பவில்லை. பழைய டேகேரில் பிரசவ லீவில் போன ஒருத்தியின் இடத்துக்கு ஆள் வேண்டுமென்று கேட்டார்களாம். ஒருத்தரும் இண்டர்வியூ வைக்கவில்லை.

நான் மாளவிகாவுக்குத் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தேன். “அம்மா எப்படிடா கண்ணு இருக்காங்க?”

“ஷி இஸ் ஃபைட்டிங் வித் எவ்ரிபடி, ஆன்ட்டி” என்றது அது. “ஷி இஸ் ஸோ ஹேப்பி.”

எங்கள் வட்டாரத்தில் இதை ஆளுக்கொரு விதமாகப் பேசினார்கள். பெண்ணை விட்டுவிட்டு வேலை என்ன வேலை என்றார்கள். சார்தான் விரட்டிவிட்டார் என்றார்கள். பாண்டிச்சேரி பென்ஷன் தைரியம் என்று ஒரு பக்கம். நான் எதிலும் சேரவில்லை, ஆனால் எல்லாவற்றையும் கேட்டேன்.

பிப்ரவரியில் மாமியே போன் பண்ணினாள். குரலே வேறாக இருந்தது. இங்கே காதோடு பேசுகிறவள், அங்கிருந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினாள்.

“ஜினெத்தைப் பாத்தீங்களா மாமி?”

“பாத்தேன். நன்னாக் கேட்டேன். உங்களுக்குத்தானே ஓட்டுப் போட்டேன், என்னையும் சேத்து எத்னிக்னு சொல்லிட்டேளேன்னு. அவ அழுதுட்டா. உன்னைச் சொல்லலை அபயா, நீ எங்களவ, மத்தவாளைத்தான் சொன்னதுன்னா.”

“அப்ப சமாதானம் ஆயிருச்சு.”

“எங்கேர்ந்து? அந்த மத்தவாள்ல ஒருத்தர் எங்காத்துக்காரர், அவரைச் சொன்னா என்னைச் சொன்ன மாதிரிதான்னு பிடிச்சுண்டேன். மறுபடியும் சண்டை.”

“மாமி, அவரு கூடத்தானுங்களே உங்களுக்குச் சண்டை?”

“அது வேற” என்றாள் மாமி. எப்படி வேறு என்று கேட்டேன். டேகேருக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.

இதைப் பத்மநாபன் சாரிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? அன்று சாயங்காலமே மேலே போய் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். அவர் கிரீன் கார்டு வக்கீலுடன் பேசிவிட்டு அப்போதுதான் போனை வைத்திருந்தார்.  மாண்ட்ரியலில் தனக்காக ஒருத்தி சண்டை போடுகிறாள் என்பதை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியாதவர்போல் நின்றார்.

“இதெல்லாம் அவகிட்ட பிரெஞ்சுலயா சொன்னா?” என்றார் கடைசியில்.

“ஆமாங்க. அந்தம்மாவுக்கு வேற பாஷை தெரியாதாமே.”

“பக்கத்துல நின்னிருந்தாலும் நேக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது” என்று சொல்லிவிட்டு, மாளவிகாவின் அறைப் பக்கம் திரும்பி, “அம்மா என்னை விட்டுக் குடுக்காம பேசினான்னு பிரெஞ்சுல எப்படிடீ சொல்றது?” என்று கேட்டார்.

உள்ளேயிருந்து பதில் வர நேரமாயிற்று. ஹெட்போனாக இருக்கலாம். அல்லது அந்தப் பெண்ணும் யோசித்துக்கொண்டிருந்திருக்கலாம்.